பசலை படர்ந்த இலைகளும் வெறியாட்டு மருத்துவமும்

சங்க அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப நிகழும் பிழை ஒன்று உண்டு. தலைவனைப் பிரிந்திருக்கும் தலைவியின் மேனியில் பசலை படர்கிறது, தோள் மெலிகிறது, வளை கழல்கிறது. காரணம் அறியாத தாய் கலங்குகிறாள். கட்டுவிச்சியை அழைத்து, நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். வேலனை வரவழைத்துக் கழங்கிட்டுப் பார்க்கிறாள். 'முருகு அணங்கியது' என்று வேலன் கூற, களம் அமைத்து, மறி அறுத்து, வெறியாட்டு எடுக்கிறாள். ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் 'வெறிப்பத்து' என்றே ஒரு பத்துப் பாடியிருக்கிறார். வெறியைப் பாடியதனாலேயே 'வெறி பாடிய காமக்கண்ணியார்' என்று பெயர் பெற்ற புலவரும் நம் மரபில் உண்டு. அத்தாயின் அன்பில் குறையேதும் இல்லை. குறியைக் கண்ட மாத்திரத்தில் பரிகாரத்துக்கு ஓடியதே அவள் பிழை. தலைவியின் அருகிலேயே இருந்து, எப்போது எதனால் மெலிந்தாள் என்று கண்டிருந்த தோழிக்கு மட்டுமே உண்மை தெரியும்.

இப்பாடல்களை வகுப்பறையில் நயம்படப் பேசுகிறோம். தாயின் பேதைமையை எண்ணிப் புன்னகைக்கிறோம். ஆனால் நம் வீட்டு முற்றத்து மல்லிகைக் கொடியில் நான்கு இலைகள் மஞ்சளித்துவிட்டால் நாம் செய்வதும் வெறியாட்டன்றி வேறில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பக்கத்து வீட்டார் யூரியா போடச் சொல்கிறார். உரக்கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து நீட்டுகிறார். உறவினர் ஒருவர் புளித்த மோர் ஊற்றச் சொல்கிறார். இணையத்தில் காணொளி வெளியிடும் அன்பரோ எப்சம் உப்பு எல்லா மஞ்சளையும் போக்கும் என்று அடித்துச் சொல்கிறார். இப்போது கைப்பேசிச் செயலிகளும் வந்துவிட்டன. இலையைப் படம் எடுத்துக் காட்டினால் நொடியில் நோயின் பெயர் வருகிறது. இவற்றில் எதுவும் முழுப் பொய்யன்று. ஆயினும், மண்ணைத் தொட்டுப் பாராமலும், வேரைக் கேளாமலும், இலை எவ்விடத்தில் மஞ்சளித்தது என்று நோக்காமலும் சொல்லப்படும் எந்த மருந்தும் கழங்கிட்டுச் சொன்ன குறியை ஒத்ததே.

மஞ்சள் என்பது நோயின் பெயரன்று. நோய் தன்னை அறிவிக்கும் நிறம். பசியால் மஞ்சளிக்கும் இலையும் உண்டு. மிகுதியாக உண்டதால் வேர் கருகி மஞ்சளிக்கும் இலையும் உண்டு. நீரின்றி வாடும் செடியும் நீர் மிகுந்து வாடும் செடியும் தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு ஒன்றே போலத் தோன்றும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு நஞ்சாகிவிடும் என்பதால்தான் காரணம் தேடுதல் இங்கே கட்டாயமாகிறது. அதிலும் மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், செம்பருத்தி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை போன்ற பல்லாண்டுச் செடிகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு பருவத்தில் முடிந்துவிடும் கீரையில் நாம் செய்த பிழை அப்பருவத்தோடு போய்விடும். பல்லாண்டுச் செடியோ அப்பிழையை வேரில் சுமந்துகொண்டு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நம் கண்முன்னே நிற்கும்.

குறியையே நோயென மயங்கியதில் நாம் தனித்து நிற்கவில்லை. ஐரோப்பாவில் வெளிறிய நிறம் கொண்ட இளம்பெண்களின் நோய்க்குக் 'குளோரோசிஸ்' என்ற பெயர் வழங்கியது. 1554இல் ஜெர்மானிய மருத்துவர் யோகான்னஸ் லாங்கெ இதனைக் கன்னியர் நோய் என்று விவரித்து, திருமணம் செய்துவைத்தலே தீர்வு என்று எழுதினார். நம் பசலைக்கு எவ்வளவு அண்மையில் வந்துவிடுகிறார் பாருங்கள்! 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சைடன்ஹாம் அதற்கு இரும்பை மருந்தாக்கினார். பின்னர் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைந்த சோகை என்று தெளிந்தது. இன்று அப்பெயர் மனித மருத்துவத்தில் வழக்கொழிந்து, இலை வெளிறுதலுக்கே உரியதாகிவிட்டது. 1840களில் பிரான்சு நாட்டு எசெப் கிரி என்பார், வெளிறிய இலைகளின்மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் பசுமை மீள்வதைக் காட்டினார். சித்த மருத்துவர்கள் பாண்டு என்னும் வெளிறல் நோய்க்கு அன்னபேதிச் செந்தூரம் தருவதையும், நம் தோட்டக்காரர்கள் அதே அன்னபேதியைக் கரைத்து வெளிறிய இலைக்குத் தெளிப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணினால் வியப்பே மிஞ்சுகிறது. ஆனால் இந்த ஒற்றுமையில் மயங்கி, வெளிறிய எல்லாவற்றுக்கும் இரும்பைக் கொடுக்கப் புறப்பட்டால் மீண்டும் வேலனிடமே போய்ச் சேர்வோம்.

ஆகவே, மருந்துக்கு முன் சில வினாக்களை வரிசையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

முதல் வினா: மஞ்சளித்தது மூத்த இலையா, இளந்தளிரா?

ஒரு செடியில் கிடைக்கும் செய்திகளிலெல்லாம் இதுவே தலையாயது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியன செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வரும்போது செடி தன் மூத்த இலைகளிலிருந்து அவற்றை எடுத்துத் தளிர்களுக்கு அனுப்பிவிடுகிறது. எனவே அச்சத்துகள் குறைந்தால் அடியிலுள்ள முதிய இலைகள் முதலில் வாட்டம் காட்டும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து போன்றவை அவ்வாறு எளிதில் இடம்பெயர்வதில்லை. அவை குறைந்தால் நுனித் தளிர்களே முதலில் துன்புறும். வீட்டில் அரிசி குறைந்தால் மூத்தோர் தம் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மெலிவது போன்றது முதல் வகை. கொடுக்க நினைத்தாலும் எடுத்துக் கொடுக்க இயலாத நிலை இரண்டாம் வகை. இவ்வொரு வேறுபாட்டைக் கண்ணால் கண்டுகொண்டாலே, தளிர் வெளிறிய மல்லிகைக்கு யூரியா கொட்டும் வீண்செயல் நின்றுவிடும். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. இரும்பு ஒரு துளியும் இல்லை.

மூத்த இலை மஞ்சளித்தாலும் உடனே பஞ்சம் என்று பொருளன்று. அடியிலை ஒன்றிரண்டு பழுத்து உதிர்வது இயற்கை. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதையைப் பழமொழியாக வைத்திருக்கும் மொழி நம்முடையது. தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வாழ்நாளை நம் சொற்களே பகுத்துக் காட்டுகின்றன. பழுப்பைக் கண்டு அஞ்சி உரமிடுவது முதியவர் தலை நரைத்ததற்கு மருத்துவரை அழைப்பதற்கு ஒப்பாகும். எத்தனை இலை, எவ்வளவு விரைவில், எந்தப் பருவத்தில் என்று பார்க்க வேண்டும். அடியில் இரண்டு என்றால் முதுமை. ஒரே கிழமையில் பாதிக் கொடி என்றால் நோய்.

இரண்டாம் வினா: இலையின் எப்பகுதி மஞ்சள்?

முழு இலையும் ஒரே சீராக வெளிறினால், மூத்த இலைகளில் அது தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். இளம் இலைகளில் கந்தகக் குறையாக இருக்கலாம். நரம்புகள் பசுமையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளிறினால், மூத்த இலைகளில் மெக்னீசியத்தையும் தளிர்களில் இரும்பையும் ஐயுற வேண்டும். மூத்த இலையின் ஓரம் மஞ்சளித்துக் கருகினால் சாம்பல்சத்துக் குறை நினைவுக்கு வர வேண்டும். நீரிலோ உரத்திலோ உப்பு மிகுந்தாலும் ஓரமே முதலில் கருகும். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் குறைந்த செடிக்கு அது உண்மையில் மருந்து. மற்றவற்றுக்கு மண்ணில் உப்பைக் கூட்டும் வினை மட்டுமே.

ஊசியால் குத்தினாற்போல நுண்புள்ளிகளாக மஞ்சளித்திருந்தால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இலையின் முகத்தை மட்டும் பார்க்கிறோம். செடியைத் துன்புறுத்தும் சிற்றுயிர்கள் பலவும் முதுகுப்புறத்தில் குடியிருக்கின்றன. மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்திப்பேன். வெண்மையான பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. தொட்டவுடன் சிறகடித்துக் கிளம்பினால் வெள்ளை ஈ. இவற்றுக்கு உரம் எவ்வகையிலும் தீர்வாகாது. தழைச்சத்தை மிகுதியாக்கினால் சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு நாமே விருந்து வைத்தவராவோம். சிலந்திப்பேனைப் பொறுத்தவரை இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதே நல்ல தொடக்கம்.

மூன்றாம் வினா: வாடியது எப்பொழுது? அப்போது மண் எவ்வாறிருந்தது?

மஞ்சளைக் காட்டிலும் நம்மை மிகுதியாக ஏமாற்றுவது வாட்டம். நடுப்பகல் வெயிலில் இலை ஆவியாக விடும் நீருக்கு ஈடாக வேரால் உறிஞ்ச முடிவதில்லை. திசுக்களின் நீரழுத்தம் குறைந்து இலை தொங்குகிறது. மாலையில் தானே நிமிர்ந்துவிட்டால் அது நோயன்று. விடியற்காலையில் சென்று பார்க்க வேண்டும். இரவு முழுதும் ஓய்ந்திருந்தும் விடியலில் தலை கவிழ்ந்து நிற்கும் செடியே உதவி கேட்கும் செடி.

அப்போதும் உடனே நீர்க்குடத்தை எடுக்கலாகாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். உலர்ந்திருந்தால் நீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் அங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள சிறு வெளிகளை நீர் அடைத்துவிட்டால் காற்று இல்லாமல் வேர் நலிகிறது, நலிந்த வேரால் சூழ நிற்கும் நீரை உறிஞ்ச இயலாது, இலை வாடுகிறது. வாட்டத்தைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம். தொட்டிச் செடிகள் பல வீடுகளில் மாள்வது இவ்வாறுதான். புறக்கணிப்பால் இறப்பவை ஒருபுறமிருக்க, அன்பால் மூழ்கி இறப்பவையும் பல. தாய் வெறியாட்டு எடுத்ததும் அன்பினால்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

செடி முழுதும் நலமாயிருக்க ஒரு கிளை மட்டும் வாடினால் வினா மாறுகிறது. மண்ணில் குறையிருந்தால் பெரும்பாலும் செடி முழுதுமே வாடும். ஒற்றைக் கிளையின் வாட்டத்துக்கு அக்கிளையின் தண்டில் துளையோ பட்டையில் காயமோ உண்டா என்று தேடுவதே முறை.

நான்காம் வினா: வேர் என்ன சொல்கிறது?

தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க நாம் தயங்குகிறோம். செடி செத்துவிடுமோ என்னும் அச்சம். ஆனால் முறையாகத் தாங்கிப் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் வைப்பதால் செடிக்குப் பெருங்கேடு வருவதில்லை; பாராமல் ஐந்து மருந்துகளை ஊற்றுவதால் கேடு வருகிறது. நலமான இளவேர் வெளிர்நிறமாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, இழுத்தால் தோல் உரிந்து வரும்; நாற்றமும் உண்டு. வேர் தொட்டியைச் சுற்றிச் சுருண்டு மண்ணே இல்லாமல் நிறைந்திருந்தால் அச்செடி கேட்பது உரமன்று, பெரிய தொட்டி. தொட்டியின் அடித்துளை வேராலோ ஓட்டுச் சில்லாலோ அடைபட்டிருப்பதும் அடிக்கடி காணக்கூடியது.

வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழுவை ஐயுற வேண்டும். நம் பெண்டிர் விரும்பிச் சூடும் கனகாம்பரம் இதற்கு நல்ல சான்று. அதன் வாடல் நோயில் நூற்புழுவும் பியூசேரியம் என்னும் பூசணமும் கூட்டுச் சேர்கின்றன. முடிச்சே இல்லாமல் வேரைப் புண்ணாக்கும் நூற்புழுக்களும் உண்டு. அப்புண் வழியே மண்ணில் வாழும் பூசணம் உள்ளே புகுகிறது. மேலே தெரிவதோ வெறும் மஞ்சளும் வளர்ச்சிக் குன்றலும்தான். இலையைப் படம் எடுத்து அனுப்பினால் எந்தச் செயலியும் 'சத்துக் குறை' என்று சொல்லக்கூடும். நோயோ ஓரடி கீழே இருக்கிறது. செண்டுமல்லியை ஊடே நடுவது நூற்புழுவைக் குறைக்க உதவும் என்பது அறியப்பட்ட முறை.

இவ்வளவும் கேட்டபின் எஞ்சி நிற்பது மண்ணும் நீரும். தளிர் வெளிறி நரம்பு பசுமையாக நிற்கும் மல்லிகை நம் ஊர்களில் பரவலாகக் காணப்படுவது. இரும்புக் குறை என்கிறோம். ஆனால் பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண்ணில் இரும்பு கரையாத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. வேரால் எடுக்க முடிவதில்லை. வீடு கட்டியபின் மீந்த சிமெண்ட் காரையையும் சுண்ணாம்புப் பூச்சையும் செங்கல் இடிபாட்டையும் முற்றத்திலேயே நிரப்பி, அதன்மேல் அரையடிச் செம்மண் பரப்பித் தோட்டம் என்கிறோம். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை நாள்தோறும் பாய்ச்சுகிறோம். அம்மண்ணில் மல்லிகையின் தளிர் வெளிறாமல் வேறென்ன செய்யும்? பஞ்சமில்லாத ஊரில் களஞ்சியத்தின் திறவுகோலைத் தொலைத்துவிட்டுப் பசித்திருப்பது போன்றது இது.

இங்கே அன்னபேதி உண்மையில் உதவும். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் என்னும் அளவில் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளின்மேல் தெளிப்பது வழக்கம். முழுக் கொடிக்கும் தெளிக்கும் முன் ஒரே ஒரு கிளைக்குத் தெளித்துவிட்டு இரண்டு வாரம் காத்திருக்கலாம். அக்கிளை மட்டும் பசுமை பெற்றால் நம் ஊகம் சரி. பெறாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். கிரி என்பார் 1840களில் காட்டிய வழியும் ஏறத்தாழ இதுவே. மருந்தே சோதனையாகவும் அமையும் இம்முறையை எளிய வீட்டுத்தோட்டக்காரரும் கைக்கொள்ளலாம். எனினும் அன்னபேதி தற்காலிகத் தீர்வே. நிலையான தீர்வு இடிபாட்டை அகற்றுவதிலும், மக்கிய எருவை ஆண்டுதோறும் சேர்ப்பதிலும், மழைநீரைச் சேமித்துப் பாய்ச்சுவதிலும் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். 'நாங்கள் மோர் ஊற்றினோம், செடி தழைத்தது. யூரியா போட்டோம், பச்சை வந்தது. இத்தனை வினாக்கள் எதற்கு?' என்று சிலர் கேட்பர். மல்லிகையை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்வது தமிழகத்து வழக்கம். அதன்பின் பழைய இலை போய்ப் புதுத்தளிர் தானே வரும். அவ்வேளையில் மோர் ஊற்றியவர் மோரைப் புகழ்வார். ஒன்றும் செய்யாதவர் வீட்டிலும் தளிர் வந்திருப்பதை அவர் அறியார். வெறியாட்டு எடுத்த மறுநாள் தலைவன் வந்துவிட்டால் தலைவியின் பசலை நீங்கத்தான் செய்யும். புகழ் வேலனுக்குப் போகும். ஒரே வேளையில் நான்கு மருந்துகளைக் கொடுத்தவர் எது பலித்தது என்று ஒருபோதும் அறியப் போவதில்லை. அறியாததனால் அடுத்த முறையும் நான்கையும் வாங்குவார்.

வீட்டு முற்றத்தில் இது சில நூறு ரூபாய்க் கணக்கு. பூ விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது ஓராண்டு வாழ்வு. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அம்மல்லியை விளைவிப்போர் மஞ்சளித்த இலையோடு உரக்கடை வாசலில் நிற்கையில், விற்பவரே மருத்துவராகவும் இருக்கும் நிலையைப் பற்றிப் பேசுவதில்லை. மண் பரிசோதனை நிலையங்கள் உள்ளன. 2015 முதல் மண்வள அட்டைத் திட்டமும் உள்ளது. அவற்றை நாடும் பழக்கம் வேரூன்ற வேண்டும். விற்பனைக்குப் பொருள் வைத்திருப்பவரிடம் 'ஒன்றும் வாங்க வேண்டாம்' என்ற விடையை எதிர்பார்ப்பது பேதைமை.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று மூன்றையும் ஆராய்ந்து, பின்னர்ப் பொருந்தச் செய்ய வேண்டும் என்னும் வரிசை அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. மேடைதோறும் அக்குறளை முழங்கும் நாம் அதன் வரிசையை மட்டும் தலைகீழாக்கிக்கொண்டோம். முதலில் மருந்து, பலிக்காவிட்டால் வேறு மருந்து, செடி மாண்டபின் காரணம் பற்றிய ஆராய்ச்சி. இலக்கியம் கற்றவர்க்கேனும் இது உறுத்த வேண்டும். ஒரு பாடலின் திணையையும் துறையையும் கூற்றையும் அறியாமல் பொருள் சொல்லத் துணியாத நாம், ஒரு செடியின் மண்ணையும் வேரையும் பருவத்தையும் அறியாமல் மருந்து சொல்லத் துணிவது எங்ஙனம்?

கபிலரின் குறிஞ்சிப்பாட்டை எல்லோரும் 99 பூக்களின் பெயர்களுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பாட்டு, மகளின் நோய்க்குக் காரணம் அறியாது வருந்தும் செவிலித்தாய்க்குத் தோழி உண்மையை எடுத்துரைப்பதாக அமைந்தது. அத்தனை பூக்களையும் பெயர் சொல்லி அறிந்திருந்தவளே நோயின் காரணத்தையும் அறிந்திருந்தாள் என்பதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. நாள்தோறும் அருகிருந்து நோக்கிய கண்ணுக்கே இரண்டும் வாய்க்கும். அடுத்த முறை ஓர் இலை மஞ்சளித்தால் ஒருநாள் பொறுப்போம். விடியலில் சென்று பார்ப்போம், மூத்த இலையா தளிரா என்று நோக்குவோம், இலையைத் திருப்புவோம், மண்ணில் விரல் வைப்போம், வேண்டுமாயின் வேரையும் பார்ப்போம். அந்த ஒருநாள் தாமதத்தால் மாண்டுபோகும் பல்லாண்டுச் செடி அரிது. அவசர மருந்தால் மாள்பவை பல.